கராச்சிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

இரண்டு நகரங்களுக்கு நடுவே உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால், தேசப்படத்தையும் ஓர் அளவுகோலையும் கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லிவிடுவான். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாலோ, அளவுகோல் பயன்படாது. வாகனம் எது, வழியிலே தங்க இடமுண்டா, சொன்ன நேரத்தில் புறப்படுவார்களா, எல்லையில் தடுப்பாருண்டா என்று பல கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். தூரம் இயற்கை அமைத்தது. பிரயாண காலமோ மனிதருடைய உழைப்பும் ஒழுங்கும் அரசியலும் சேர்ந்து அமைப்பது. இந்த உண்மைக்குச் சாட்சியாக விளங்கிய ஒரு பெரியாரின் சரிதத்தை இன்று நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் ஜே. ஆர். டி. என்று உலகம் அறிந்த ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா ஆவார்.

கோடீசுவரர் ஒருவரின் சரிதத்தால் தேசத்தொண்டர்களுக்கு ஆவதென்ன என்று அன்பர்கள் சிலர் வினவலாம். வினவுவது நியாயமே. டாட்டா வமிசத்தின் ஆலைகளைப் பற்றியும் ஆஸ்தியைப் பற்றியும் எழுதுவது இன்று நம் நோக்கமன்று. அந்நிய ஆட்சியின் உதவி கிட்டாதபோதும், நம்மவர் ஒரு காரியத்தை உலகத்தரத்தில் செய்து காட்ட முடியும் என்பதை அவர் ஆகாயத்திலே எழுதிக் காட்டினார். அந்த எழுத்தின் கடைசி வரி நம் ஜில்லாவின் வானத்திலே எழுதப்பட்டது.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு இப்பால், செவ்வாப்பேட்டை என்னும் ஊர் இருப்பதை நம் வாசகர் அறிவர். ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் 1856ஆம் வருஷம் தென்னாட்டின் முதல் ரயில் ஓடிய பாதை அவ்வழியே செல்கிறது. பிற்காலத்தில் பாதை பம்பாயோடு இணைந்தது. சீமையிலிருந்து கப்பலில் பம்பாய்க்கு வந்த தபால் மூட்டைகள், தக்காணத்தைக் குறுக்கே கடந்து, செவ்வாப்பேட்டை வழியாகவே சென்னைக்கு வந்து சேர்ந்தன. லண்டன் மேல்கோர்ட்டின் தீர்ப்பை எதிர்பார்த்த வக்கீலும், மாஞ்செஸ்டர் துணிவிலையை எதிர்பார்த்த வியாபாரியும், அந்த வண்டியின் ஊதலுக்கே காத்துக் கிடந்தனர். 1932ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16ஆம் தேதி அந்த நிலை மாறியது. அன்று சீமைத் தபால் பெல்லாரியிலிருந்து ஆகாய மார்க்கமாகச் சென்னைக்கு வந்தது. பெல்லாரிக்கும் சென்னைக்கும் நடுவே படத்தில் ஒரு நேர்க்கோடு வரைந்து பார்ப்பவர், அக்கோடு திருவள்ளூர், செவ்வாப்பேட்டைப் பகுதியின் மேலாகவே வந்து சென்னையைத் தொடுவதைக் காணலாம். தரையிலே தபால் வந்த தடத்தின் மேலேயே, வானத்திலும் ஒரு தடம் விழுந்தது.

அந்தத் தபால் புறப்பட்ட இடம் கராச்சி. கராச்சிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர், அதாவது 1,180 மைல். விமானிகள் கணக்கிடும் தூரம் இதுவே. ரயில் பாதை மலையைச் சுற்றும். ஆற்றுக்குப் பாலம் அமைந்த இடத்தைத் தேடும். பெரிய ஊர்களைத் தொட்டுப் போகும். ஆகாய மார்க்கத்துக்கு இந்தக் கட்டாயங்கள் இல்லை. ஆனால் 1932இல் பறந்த சின்னஞ்சிறு விமானம் எண்ணெய்க்காக இறங்கவேண்டியிருந்ததால், அகமதாபாத், பம்பாய், பெல்லாரி ஆகிய ஊர்களைத் தொட்டு ஏறக்குறைய 1,300 மைல் பறந்தது. ஒரே இரண்டு நகரங்களுக்கு இவ்வாறு இரண்டு தூரங்கள் ஏற்பட்டன. மூன்றாவது தூரம் ஒன்றும் உண்டு; அதைக் கடைசியில் கூறுவோம்.

ஜே. ஆர். டி. 1904ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினரும் தொழிற் கூட்டாளியுமாவார். தாயார் பிரெஞ்சு மாது. பிள்ளையின் கல்வி பாரிஸ், பம்பாய், ஜப்பான் தேசத்து யோகஹாமா என்று மூன்று தேசங்களில் சிதறிக் கிடந்தது. பிரான்ஸின் வடகரையில் ஹார்டலோ என்னும் கடற்கரைக் கிராமத்தில் அக்குடும்பத்தார் கோடைகாலத்தைக் கழிப்பது வழக்கம். அதே கிராமத்தில் லூயி பிளேரியோவுக்கும் ஒரு வீடு இருந்தது. 1909ஆம் வருஷம் ஜூலை 25ஆம் தேதி, பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர் இந்தப் பிளேரியோ. அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 22 மைல். எடுத்துக்கொண்ட நேரம் அரை மணிக்குச் சற்று அதிகம். செவ்வாப்பேட்டையிலிருந்து சென்னைக்கு உள்ள தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று மின்சார ரயிலில் நிற்க இடமில்லாமல் நாம் சலித்துக்கொண்டே கடக்கிற அந்தத் தூரத்தைக் கடந்ததற்காக, அன்று ஐரோப்பா முழுவதும் ஒரு மனிதனைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. ஹார்டலோ மணலில் வந்திறங்கிய விமானங்களைப் பார்த்த பாரஸீகப் பிள்ளைக்கு ஆகாயப் பித்து அன்றே பிடித்துக்கொண்டது. பதினைந்தாம் வயதில் அதே கடற்கரையில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிச் சென்ற விமானத்தில் சில நிமிஷங்கள் பறந்து பார்த்தார். பித்து தீரவில்லை; முற்றிப் போயிற்று.

பிரெஞ்சுப் பிரஜையாதலால் ஒரு வருஷ காலம் அத்தேசத்துச் சேனையில் பணிபுரிந்தார். கேம்பிரிட்ஜில் யந்திர சாஸ்திரம் கற்க வேண்டுமென்று விரும்பினார். தந்தையார் அழைக்கவே, 1925இல் பம்பாய்க்குத் திரும்பி, டாட்டா ஸ்தாபனத்தில் சம்பளமில்லாத தொழில் பயிலுநராக அமர்ந்தார். அடுத்த வருஷமே தந்தையார் காலமானார். இருபத்திரண்டு வயது வாலிபர்மீது குடும்பப் பாரம் விழுந்தது. சர்வகலாசாலையில் படிக்கவில்லையே என்ற குறை அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. அக்குறையைத் தாமே படித்துத் தீர்த்துக்கொள்ளவும் அவர் வாழ்நாள் முழுவதும் முயன்றார்.

1929ஆம் வருஷம் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி, விமானம் ஓட்டும் லைசென்ஸ் அவருக்குக் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பெற்ற அத்தகைய லைசென்ஸுகளில் அதன் இலக்கம் 1. அதே வருஷத்தில் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைத் துறந்தார். பிறந்த நாட்டின் உரிமையை விட்டு, அன்று அடிமைப்பட்டிருந்த தந்தை நாட்டின் உரிமையை ஏற்றார் என்பதைத் தேசபக்தர்கள் மறக்கலாகாது.

அவ்வருஷ இறுதியில் ஆகாகான் ஒரு பரிசை அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் அளிக்கப்படும் என்பது அதன் விதி. மன்மோகன்சிங்கும், ஆஸ்பி இஞ்சினீர் என்னும் பதின்வயதுப் பிள்ளையும், நம் ஜே. ஆர். டி.யும் போட்டியிட்டனர். ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார். எகிப்தில் அபூகிர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானம் தீப்பொறி தரும் பிளக் ஒன்றில்லாமல் நின்றிருந்தது. ஜே. ஆர். டி. தம்மிடமிருந்த உபரிப் பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று, ஜே. ஆர். டி. சில மணி நேரத்தில் அதை இழந்தார். பிற்காலத்தில் அந்த ஆஸ்பி சுதந்திர இந்தியாவின் விமானப்படைத் தலைவரானார். சுதந்திரத்துக்குத் தயாராகும் தேசத்தில் போட்டியாளர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அபூகிர் மணல்வெளியைவிடச் சிறந்த பாடசாலை நமக்குத் தெரியவில்லை.

நிற்க. அந்தக் காலத்து ஆகாயத் தபாலின் நிலைமையைச் சற்றே பார்ப்போம். 1929ஆம் வருஷம் மார்ச்சு மாதம் பிரிட்டிஷாரின் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனுக்கும் கராச்சிக்கும் போக்குவரத்தைத் தொடங்கியது. நடுவே ஐரோப்பாவில் ரயில், மத்தியதரைக் கடலில் நீர்விமானம், பிறகு பாலைவனத்தின் மேலே விமானம் என்று மாறி மாறி ஏறி இறங்கி, ஏழு நாட்களில் கராச்சி வந்து சேர்ந்தது தபால். கப்பல் வழியோடு ஒப்பிடின் அது ஒரு பெரிய பாய்ச்சல்தான். ஆனால் கராச்சியில் இறங்கிய மூட்டை மறுபடி ரயிலேறியது. பம்பாய்க்கும் அதற்கப்பால் சென்னைக்கும் போய்ச்சேர, ஆகாயத்தில் மிச்சப்பட்ட நாட்களில் பலவற்றைத் தரையிலே தொலைத்தது. ஐந்தாயிரம் மைல் பறந்து வந்த கடிதம், கடைசி ஆயிரம் மைலுக்குத் தவழ்ந்தது. ஏகாதிபத்தியத்தின் விமானம் ஏகாதிபத்தியத்துக்குத் தேவையான மட்டும் பறந்தது. அதற்கு மேல் பறக்க அதற்கு அவசரமில்லை.

இந்தக் குறையைக் கண்டவர் நெவில் வின்சென்ட் என்னும் தென்னாப்பிரிக்க விமானி. சண்டை முடிந்தபின் இந்தியாவுக்கு வந்து, ஊரூராக விமானக் காட்சி நடத்திப் பிழைத்தவர். கராச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாயத் தபால் நடத்தலாம் என்ற யோசனையோடு அவர் ஜே. ஆர். டி.யை அடைந்தார். தலைவர் தொராப்ஜி டாட்டா முதலில் தயங்கினார். பீட்டர்சன் என்னும் அதிகாரி எடுத்துச் சொன்னபின் சம்மதித்தார். மூலதனம் சுமார் 2 லட்சம் ரூபாய். சர்க்காரிடம் விண்ணப்பம் போயிற்று. எல்லாத் தேசங்களிலும் ஆகாயத் தபாலுக்கு அரசாங்கம் மானியம் அளித்து வந்த காலம் அது. இந்திய சர்க்காரோ மானியத்துக்கு இசையாமல் வருஷக்கணக்கில் கடத்திற்று. முடிவில் டாட்டா கம்பெனியார், மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலின் எடைக்கு ஏற்றபடி கூலி கொடுத்தால் போதும் என்றனர். மறுக்க வழியில்லாமற் போன சர்க்கார், 1932ஆம் வருஷம் ஏப்ரலில் பத்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

வக்கீல் தொழிலில் பழகிய நாம், எத்தனையோ ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறோம். நஷ்டம் வந்தால் எதிரிமேல் தள்ளுவதற்கு ஒரு ஷரத்து அவற்றில் ஒளிந்திருப்பது வழக்கம். இந்த ஒப்பந்தத்தில் நஷ்டம் முழுவதும் எழுதிக்கொடுத்தவர் தலைமீதே விழக்கூடியதாயிருந்தது. தபால் சுமந்தால் கூலி, சுமக்காவிட்டால் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட ஷரத்துக்கு இசைந்தவர்களின் நெஞ்சுரம் வியக்கத்தக்கது.

1932ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி, காலை ஆறரை மணி சுமாருக்கு, கராச்சி டிரிக் ரோடு விமான நிலையத்திலிருந்து ஜே. ஆர். டி. தாமே ஓட்டிய பஸ் மாத் விமானம் கிளம்பிற்று. ஒற்றை யந்திரம் பொருந்தியது. மணிக்குச் சுமார் 100 மைல் போகக்கூடியது. ரேடியோ கிடையாது, தரையிலிருந்து வழி சொல்வாரும் இல்லை. கீழே தென்படும் கடற்கரையும் ஆறும் இருப்புப்பாதையுமே வழிகாட்டிகள். சுமை, ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள கடிதங்கள்; ஒரு மனிதன் தலையில் வைத்துத் தூக்கக்கூடிய மூட்டை. அகமதாபாத்தில் இறங்கியதும், அவருக்கு வேண்டிய பெட்ரோல் தகர டின்களில் மாட்டுவண்டியிலே வந்தது. பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னதாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கே காத்திருந்த வின்சென்ட் மற்றொரு விமானத்தில் மூட்டையை ஏற்றிக்கொண்டு பெல்லாரிக்குப் பறந்தார். மறுநாள் சென்னை சேர்ந்தார். ரயிலிலே பல நாள் கடந்துவந்த தபாலுக்கு இப்பொழுது ஓர் இரவும் இரு பகலின் சில பகுதிகளும் போதுமானவையாயின.

அந்த மாட்டுவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமலிருக்க முடியவில்லை. விமானத்தின் வேகம் மணிக்கு 100 மைல். மாட்டின் வேகம் 3 மைல். மாடு நேரத்துக்கு வராவிட்டால் விமானம் அகமதாபாத்திலேயே நின்றிருக்கும். யந்திரத்தைச் சீமையிலிருந்து விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் எண்ணெய் டின்னோடு ஒருவன் நிற்பதை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய இயலாது. பிரயாண காலம் என்பது விமானத்தின் வேகம் மாத்திரமன்று. மூட்டை கட்டுபவன், எண்ணெய் ஊற்றுபவன், யந்திரம் பார்ப்பவன், விமானி ஆகிய எல்லோருடைய நாணயத்தையும் கூட்டி வரும் தொகையே அது.

ஜுஹு ஓடுதளம் கடலோரத்துச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும். ஆகவே மழை தொடங்கியதும் சிறிய பரிவாரத்தோடு பூனாவுக்குப் பெயர்ந்து, அங்கிருந்து நடத்தினர். மேற்கு மலைத்தொடரின் மேலே கார்மேகம் கவிந்திருக்கும் மாதங்களிலும் ஒற்றை யந்திர விமானங்கள் பறந்தன. இரண்டு விமானங்கள், ஜே. ஆர். டி., வின்சென்ட், ஹோமி பரூச்சா என்னும் மூன்று விமானிகள். விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்கள். முதல் வருஷத்தில் 1,60,000 மைல் பறந்தனர். 155 பிரயாணிகளையும் 10 டன்னுக்கு மேற்பட்ட தபாலையும் சுமந்தனர். 60,000 ரூபாய் லாபமும் கண்டனர். நேரம் தவறாமையில் நூற்றுக்கு நூறு. மானியம் கொடுக்க மறுத்த சர்க்காரின் விமான இலாகாவே, தபால் நடத்துவது எவ்வாறு என்பதற்கு இவர்களை உதாரணமாக எடுத்துக் காட்டியது.

பிறகு வலை விரிந்தது. 1935இல் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரம்; 1937இல் இந்தூர், போபால், குவாலியர் வழியாக டில்லி; 1938இல் கராச்சியிலிருந்து வந்த வழி சென்னையைக் கடந்து திருச்சிராப்பள்ளியையும் கொழும்பையும் தொட்டது. அந்த 1938ஆம் வருஷத்தில், 34ஆம் வயதில், ஜே. ஆர். டி. டாட்டா ஸ்தாபனங்களின் தலைமையை ஏற்றார். எஃகும் மின்சாரமும் ரசாயனமும் அவருடைய மேஜைக்கு வந்தன. ஆயினும் அவர் நெஞ்சு விமானக் கொட்டகையிலேயே இருந்தது என்பதை அவரை அறிந்தவர் யாவரும் ஒப்புவர். தோழர் வின்சென்ட் 1942இல், யுத்தத்தின் நடுவே, இங்கிலாந்திலிருந்து இந்தியா திரும்பும்போது விமானத்தோடு மறைந்தார். அவருடைய இடம் பிறகு நிரம்பவேயில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946இல், அந்தத் தபால் கம்பெனியே ஏர் இந்தியா என்று பெயர் பெற்றது. சுதந்திரம் வந்தது. கடல் கடந்து பறப்பதற்கு ஒரு புதிய ஸ்தாபனம் வேண்டுமென்று ஜே. ஆர். டி. யோசனை கூற, நூற்றுக்கு 49 பங்கைச் சர்க்கார் ஏற்றது. 1948ஆம் வருஷம் ஜூன் 8ஆம் தேதி, மலபார் பிரின்ஸஸ் என்ற விமானம், கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் பம்பாயிலிருந்து புறப்பட்டது. தூரம் சுமார் 5,000 மைல்; பிரயாணம் ஏறக்குறைய ஒரு நாள். இந்தியக் கொடி தாங்கிய விமானத்தில் இந்தியர் லண்டனில் போய் இறங்கினர். 1929இல் ஏழு நாள். 1948இல் ஒரு நாள். இடைப்பட்ட காலம் பத்தொன்பது வருஷமே.

இந்தக் குறுக்கத்துக்கு விலை கொடுக்கவில்லை என்று எவரும் நினைக்கலாகாது. 1950ஆம் வருஷம் நவம்பர் மாதம், அதே மலபார் பிரின்ஸஸ் ஐரோப்பாவின் மோன் பிளான் சிகரத்தில் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். நாம் இன்று விமானத்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து கண்ணயரும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், முன்னே சென்றவர் எவரோ தம் உயிரால் கூலி செலுத்தியிருக்கின்றனர்.

1953இல் விமானக் கம்பெனிகள் யாவும் தேசவுடைமையாயின. ஜே. ஆர். டி. அதை எதிர்த்தார், தம்மைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்துவிட்டதாக மனம் வருந்தினார். நாம் இவ்விஷயத்தில் ஒருதலைப் பட்சமாகப் பேச விரும்பவில்லை. ஜனங்களின் பணத்தில் நடக்கும் பெருந்தொழில் ஜனங்களுக்கே உரியதாக வேண்டும் என்ற கொள்கைக்கு வலுவுண்டு. தாம் விதையிட்டு வளர்த்ததை இழப்பவனின் வேதனைக்கும் நியாயமுண்டு. நம் கவனத்துக்குரியது அதன்பின் அவர் நடந்துகொண்ட விதம். கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடாமல், கைவிட்டுப் போன ஸ்தாபனத்தின் தலைவர் பதவியை, ஊதியம் பெறாமல், ஏற்றார். இருபத்தைந்து வருஷம் அதற்காக உழைத்தார். பிரயாணியாக ஏறும்போதெல்லாம் குறிப்புப் புத்தகத்தோடு ஏறி, தேநீரின் நிறம், திரைச்சீலையின் அழுக்கு, நாற்காலியின் சாய்வு ஒவ்வொன்றையும் எழுதி, இறங்கியதும் அதிகாரிகளுக்கு அனுப்பினார். அழுக்கான மேஜையைக் கண்டால் தாமே துடைத்தார். 1960இல் ஜெட் விமானம் வந்தது. சில வருஷங்களில் ஏர் இந்தியா உலகத்தின் முன்னணி ஸ்தாபனங்களோடு ஒப்பிடப்பெற்றது.

1978ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அன்றைய சர்க்கார் அவரைத் தலைவர் பதவியிலிருந்து விலக்கிற்று. தலைவர்களை மாற்றும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்பதில் சட்டப்படி ஆட்சேபமில்லை. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டதெல்லாம் பெருந்தன்மைக்கு உட்பட்டதாகாது. நாற்பத்தாறு வருஷம் ஒரு காரியத்துக்கு உழைத்த முதியவரை அனுப்பி வைக்கும் முறை ஒன்றுண்டு. அது அன்று கடைப்பிடிக்கப்படவில்லை என்பதே நம் கருத்து. ஆளை மாற்றலாம்; ஆள் வளர்த்த பழக்கத்தை மாற்றலாகாது. பிற்காலத்தில் ஏர் இந்தியா கடனிலும் தாமதத்திலும் வீழ்ந்து, 2022ஆம் வருஷம் ஜனவரி மாதம் மறுபடி டாட்டா ஸ்தாபனத்தாரிடமே சேர்ந்தது. உடைமை யாருடையது என்ற வழக்கு இன்னும் பல தலைமுறை நடக்கும். நேரம் தவறாமை என்னும் குணத்துக்கு எந்த உடைமை முறையும் தானாக உத்தரவாதம் அளிப்பதில்லை என்பதை மாத்திரம் இந்தச் சரித்திரம் இரண்டு பக்கத்தாருக்கும் காட்டுகிறது.

தம் முதற் பிரயாணத்தை ஜே. ஆர். டி. மறக்கவில்லை. முப்பதாண்டு நிறைவில், 1962ஆம் வருஷம் அக்டோபரில், பழைய மாத் இனத்து விமானமொன்றில் மறுபடி கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். ஐம்பதாண்டு நிறைவில், 1982ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி, 78ஆம் வயதில், மூன்றாம் முறையாகத் தனியே அதே வழியில் பறந்தார். பத்திரிகைகள் அவருடைய வயதைக் கண்டு வியந்தன. நாம் வியப்பது வேறொன்று. 1932இல் கராச்சியும் பம்பாயும் ஒரே தேசத்து ஊர்கள். யாரையும் கேளாமல் பறந்தார். 1982இல் அதே மணல், அதே கடல், அதே தூரம். நடுவே மாத்திரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டைக் கடக்க இரண்டு சர்க்கார்களின் அனுமதி வேண்டியிருந்தது. 1992இல் பாரத ரத்தினம் என்னும் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1993ஆம் வருஷம் நவம்பர் 29ஆம் தேதி ஜினீவாவில் காலமானார். பிறந்த ஊராகிய பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

முதலில் மூன்றாவது தூரம் ஒன்று உண்டு என்று கூறினோம். அதைச் சொல்லி முடிப்போம். ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தின்மீது பூரண அதிகாரம் உண்டு என்பது 1944ஆம் வருஷம் டிசம்பரில் சிகாகோ நகரில் பல தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதல் ஷரத்து. பறவைக்கில்லாத எல்லை விமானத்துக்கு உண்டு. 2025ஆம் வருஷம் ஏப்ரலில், பஹல்காம் படுகொலையைத் தொடர்ந்து மூண்ட பகையில், பாகிஸ்தான் தன் ஆகாயத்தை இந்திய விமானங்களுக்கு அடைத்தது. ஒரு வாரத்துக்குள் இந்தியாவும் அவ்வாறே செய்தது. டில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் தெற்கே வளைந்து சுற்ற நேர்ந்து, பிரயாண நேரம் கூடிற்று. எண்ணெய்ச் செலவும் ஏறிற்று. கராச்சிக்கும் சென்னைக்கும் நேராகப் பறக்க ஜெட் விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் போதும். அப்படியொரு விமானம் அவ்வருஷத்தில் இல்லை. துபாய் போய்த் திரும்பி வருபவன் ஏறக்குறைய 4,100 கிலோமீட்டர் கடந்தான். இறங்கிக் காத்திருந்து ஏறுவதற்குள் பாதி நாள் தேய்ந்தது. உண்மைத் தூரம் 1,900 கிலோமீட்டர். மாட்டுவண்டியில் பெட்ரோல் வந்த நாளில் 2,080. ஜெட் விமானத்தின் காலத்திலோ அதற்கு இருமடங்கு. யந்திரம் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம் பெற்றது, தூரம் வளர்ந்துவிட்டது.

குற்றம் யாருடையது என்று இங்கே தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. கொலைக்கு அஞ்சித் தன் கதவை அடைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு. ஆனால் அடைத்த கதவின் விலையை ஜனங்கள் அறிய வேண்டும். அதனை மைலாகவும் மணியாகவும் கணக்கிட வேண்டும். தேசப்படத்தைப் பார்த்துத் தூரம் சொல்லும் பள்ளிப் பிள்ளைக்கு நம் தொண்டர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கட்டும்: ஊருக்கும் ஊருக்கும் நடுவே இயற்கை வைத்த தூரம் ஒன்றே, மனிதரின் நாணயம் அதைக் குறைக்கும், மனிதரின் பகை அதைப் பெருக்கும்.

25 கிலோ கடிதங்களை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற ஆஸ்தி நேரத்துக்கு நிற்கும் பழக்கம் ஒன்றே. செவ்வாப்பேட்டை நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்து நிற்கும் தொழிலாளிக்கு, அந்த வண்டி பத்து நிமிஷம் தாமதித்தால் கூலி குறையும். சென்னைக்கும் அவருக்கும் உள்ள தூரம் அன்று அவ்வளவுக்குக் கூடிவிடுகிறது. வானத்திலே தபால் நேரம் தவறலாகாது என்று பிடிவாதம் பிடித்த மனிதரின் நினைவைப் போற்ற விரும்புவோர், தரையிலே ரயிலும் பஸ்ஸும் காரியாலயமும் கோர்ட்டும் நேரம் தவறாமலிருக்கும்படி வற்புறுத்துவார்களாக. அதைவிட மேலான சிலை அவருக்கு வேண்டியதில்லை.